கூறைச்சேலையின் இன்னொரு முனை

தனக்கு இன்னொரு பெண்டாட்டி இருக்கிறாள் என்பது சாமியப்பனுக்கு நாற்பத்தைந்து வயதில்தான் தெரியவந்தது. அதையும் ஊரார் சொல்லவில்லை. ராணுவம் எழுதித் தெரிவித்தது.

2006ஆம் வருடம், ஆடி மாதம். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியின் கேட்டில் அவர் காவலுக்கு இருந்தார். பட்டாளத்திலிருந்து நாயக்காக ஓய்வுபெற்று வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. காக்கிச் சட்டை நீலச் சட்டை ஆனதைத் தவிர வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பார். அங்கே எல்லைக்கு அப்பால் இருந்து யாரும் வராமல் பார்த்துக்கொண்டார். இங்கே துணி ரோலும் பீஸும் கேட்டைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்கிறார். வேலை முடிந்து வரும் பெண்களின் டிபன் பையைத் திறந்து பார்ப்பது மட்டும் அவருக்குக் கூச்சம். பைக்குள் பார்க்காமல் பையைப் பிடித்திருக்கும் கையைப் பார்ப்பார். கையே சொல்லிவிடும் என்பது அவர் கணக்கு. பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அதே கம்பெனியில் செக்கிங் டேபிளில் அவர் மனைவி மருதம்மாள் நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்தாள் என்பது போன சித்திரை வரைக்கும். தைத்து வந்த பனியனில் நூல் பிசிரை வெட்டுவது, ஓட்டை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவது. சித்திரையில் ஒருநாள் மாடிப்படி ஏறும்போது பாதிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது, உதடு நீலமாகியது. சாயப்பட்டறைக் காற்று என்றார்கள், ரத்தசோகை என்றார்கள். கோவையில் ஒரு டாக்டர் நெஞ்சில் ஜெல்லியைத் தடவி, டிவியில் எதையோ பார்த்துவிட்டு, இதயத்துக்குள் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்றார். மாற்ற வேண்டும். பொங்கலைத் தாண்டி இழுக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் மருத்துவ அட்டை கொடுக்கிறார்கள். அந்த அட்டை இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியிலேயே ஆப்பரேசன் செய்துகொள்ளலாம், கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. சாமியப்பன் ஸ்டுடியோவுக்கு மருதம்மாளை அழைத்துப்போய்ப் படம் எடுத்து, விண்ணப்பத்தோடு அனுப்பினார். அந்த விண்ணப்பம்தான் திரும்பி வந்திருந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு தாள், அதற்குப் பின்னால் கருப்பாக ஒரு ஜெராக்ஸ்.

கோவையில் முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்கு வெளியே, புங்கமரத்தடியில், ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் மடக்கு மேசை போட்டு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். தாளை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகச் சாமியப்பனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்ப்பா, உனக்கு எத்தனை சம்சாரம்?"

"ஒண்ணுதானுங்க."

"ரெக்கார்டு ஆபீஸ் அப்படிச் சொல்லலியே. நீ இப்ப அனுப்பின படத்துல இருக்கிற பொம்பளை வேற, பென்சன் பேப்பர்ல உன் பக்கத்துல நிக்கிற பொம்பளை வேறங்கிறான். மறுகல்யாணம் பண்ணினியா, பண்ணினா மொத சம்சாரம் என்ன ஆச்சு, விளக்கம் கொடுன்னு கேட்டிருக்கான்."

சாமியப்பன் ஜெராக்ஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மை கொட்டிய மாதிரி இருந்தது. இடதுபக்கம் நிற்பது அவர்தான், மீசையும் மாலையும் தெரிந்தன. பக்கத்தில் ஒரு பெண். மூக்கும் வாயும் மையில் முழுகிவிட்டன, நெற்றிச்சுட்டி மட்டும் வெள்ளைப் புள்ளியாய் இருந்தது. யார் இது? பட்டாளத்தின் ரெக்கார்டு தப்பாக இருக்கும் என்று நினைக்க அவருக்குப் பழக்கமில்லை. பதினேழு வருடம் அவர்கள் எழுதி வைத்ததைத்தான் அவர் தன் உயரம், தன் எடை, தன் ரத்த வகை என்று நம்பிவந்திருக்கிறார். ஒருவேளை தான்தான் எதையோ மறந்துவிட்டோமா என்று ஒரு கணம் உள்ளபடியே யோசித்தார். புங்கமரத்தடியில் நின்றுகொண்டு, இல்லாத ஒரு கல்யாணத்தை ஞாபகத்தில் தேடினார்.

அப்புறம்தான் அந்தப் பெண்ணின் தலைமேல் இருப்பது கண்ணில் பட்டது. மூங்கில் கூடை. பேழைமூடி. அவள் கையிலிருந்து அவர் கக்கம் வரைக்கும் ஒரு துணி ஓடியது.

"அய்யோ, இது வள்ளிங்க," என்றார். "என்ற தங்கச்சி."

சுபேதார் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மணப்பெண் உள்ளே இருப்பாள். மாப்பிள்ளையும் அவன் உடன்பிறந்தவளும் மணவறைக்கு வருவார்கள். அவள் தலையில் பேழைமூடி. மணப்பெண் உடுத்தப்போகும் கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையின் கக்கத்தில் இருக்கும், இன்னொரு முனை தங்கையின் கையில் இருக்கும். புதிதாக ஒருத்தி வந்தாலும் பிறந்தவளுக்கு உள்ள உரிமை போகாது என்பதற்கு அதுதான் சாட்சி. நாளைக்கு அண்ணனுக்குப் பெண் பிறந்தால் முதலில் பெண் கேட்கும் உரிமை தங்கை வீட்டுக்குத்தான் என்பதும் அதில் சேர்த்தி. சாமியப்பன் கல்யாணத்தில் இணைச்சீர்க்காரியாக நின்றது வள்ளியாத்தாள். அப்போது அவளுக்கு இருபது வயது. மூலனூர்ப் பக்கம் வாக்கப்பட்டுப் போய், இடுப்பில் ஒரு பையனோடு வந்திருந்தாள்.

அந்தப் படம் எப்படிப் பென்சன் பேப்பருக்குப் போனது என்பதைச் சாமியப்பன் கோவையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகத்துக்குக் கொண்டுவந்தார். அஸ்ஸாமில் கடைசி மாதம். மழை. பேப்பர் எல்லாம் தயாராகி, புருசன் பெண்டாட்டி சேர்ந்து நிற்கிற படம் ஒன்று வேண்டும் என்றார்கள். மருதம்மாள் ஊரில் இருந்தாள். பெட்டியில் கல்யாணப் படங்கள் சில இருந்தன. அப்படியே கவரோடு கிளார்க்கிடம் கொடுத்து, நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் காவலுக்குப் போய்விட்டார்.

கிளார்க் ஒரு அரியானாக்காரர், நல்ல மனுசன். தாலி கட்டும் படத்தில் மருதம்மாளின் முகமே தெரியாது. குனிந்த தலை, பூ, குறுக்கே நாலைந்து கை. அடுத்த படத்தில் ஒருத்தன் ஒருத்தியோடு நேராக நிற்கிறான். நகை, பட்டு. இரண்டு பேரையும் ஒரு துணி சேர்த்துக் கட்டியிருக்கிறது. அவர் ஊரில் மாப்பிள்ளையையும் பெண்ணையும்தான் அப்படித் துணியில் முடிச்சுப் போட்டுச் சுற்றி வரவைப்பார்கள். அவர் எந்தச் சந்தேகமும் இல்லாமல் அதை எடுத்து ஒட்டினார். பெயர் என்ற இடத்தில் மருதம்மாள் என்றே சரியாக எழுதினார். டிக் போட்ட இடத்தில் எல்லாம் சாமியப்பன் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு ரயிலைப் பற்றிய யோசனைதான் அவருக்கு.

யார் மேல் தப்பு என்று அவருக்குப் பிடிபடவில்லை. காங்கயம் தாண்டும் வரை கிளார்க் மேல் என்று நினைத்தார். அதற்கப்புறம் தன் மேல்தான் என்று பட்டது. அப்போதுதான் திருப்பூரில் இறங்காமல் உட்கார்ந்தே வந்துவிட்டது தெரிந்து, அவசரமாக இறங்கி எதிர்ப்பக்க பஸ்ஸுக்கு நின்றார்.

வீட்டில் மருதம்மாள் ஜெராக்ஸைப் பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டாள். சிரித்ததில் மூச்சு இறைத்து, சுவரில் சாய்ந்து, கையை மட்டும் ஆட்டி ஒன்றுமில்லை என்று காட்டி, மறுபடியும் சிரித்தாள்.

"நானும் இந்தப் படத்துல இருக்கறனுங்களே," என்றாள்.

"எங்க?"

"அவ கையில புடிச்சிருக்கறா பாருங்க சேலை, அது நானுங்க. இந்தப் படம் எடுக்கறப்ப உள்ள உக்காந்துட்டு, எப்படா அந்தச் சேலைய நம்மகிட்டக் குடுப்பாங்கன்னு பாத்துட்டு இருந்தேன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சுபேதார் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் இருப்பவள் நேரில் வந்து, நான் இவர் மனைவியல்ல, உடன்பிறந்த தங்கை என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதில் ரெக்கார்டு ஆபீஸ் கேட்கிற வாசகம் இருக்க வேண்டும். அது போய்ச் சேர்ந்தால் பழைய படத்தை ரத்து செய்து புதிய படத்தை ஏற்றுவார்கள். அதற்கு அப்புறம்தான் அட்டை, அட்டைக்கு அப்புறம்தான் ஆப்பரேசன்.

ஆனால் வள்ளியாத்தாள் அவரோடு பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இடுப்பில் வந்த அந்தப் பையன் மோகன்ராஜ் வளர்ந்து முருங்கைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாமியப்பனுக்குப் பிறந்தது ஒரே மகள், வினிதா. அவள் இவனுக்குத்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று வள்ளி நினைத்திருந்தாள். சொல்லாததால் ஒன்றும் இல்லை என்று சாமியப்பன் நினைத்திருந்தார். வினிதா ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டரில் உட்காரப் போனாள். அங்கே மெர்ச்சண்டைசராக இருந்த செந்தில்வேலைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். நல்ல பையன். சாமியப்பன் சரி என்றுவிட்டார். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்திரிகையோடுதான் போனார். வள்ளி பத்திரிகையை வாங்கி, அண்ணனுக்கு மோர் கொடுத்து, உள்ளே போனவள்தான். கல்யாணத்துக்கு வரவில்லை. அவள் புருசன் நல்லான் மட்டும் வந்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டுப் போனார்.

சாமியப்பன் மூலனூருக்குப் போன அன்று முருங்கைக்காய்ச் சந்தை. ஊரே பச்சைக் கட்டுகளாக லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. தோட்டத்து வீட்டில் நல்லான் அப்போதுதான் சந்தையிலிருந்து வந்து துண்டை உதறிக்கொண்டிருந்தார். சாமியப்பன் கட்டிலில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார். காய் விலையைப் பற்றிப் பேசினார். மருதம்மாளின் நெஞ்சைப் பற்றிப் பேசினார். கடைசியில் வேறு வழியில்லாமல் ஜெராக்ஸை எடுத்து நீட்டினார். விசயத்தைச் சொல்லி முடிக்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நல்லான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அப்ப பத்து வருசமா கெவர்மெண்டோட மருமவளுக்கு நான் சோறு போட்டுட்டு இருக்கறனாக்கும்," என்றார். "இதுக்கு எனக்கு ஒரு பென்சன் வராதுங்களா மச்சான்?"

நல்லான் அதோடு நிறுத்துகிறவராக இல்லை. பட்டாளத்துக்காரர் ஊருக்கு வரும்போதெல்லாம் தங்கச்சி வீட்டுக்கு முதலில் ஏன் வந்தார் என்று இப்போதுதான் புரிகிறது என்றார். எல்லையில் யாரையும் விடாமல் பார்த்தவர் கவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லையா என்றும் கேட்டார்.

வள்ளியாத்தாள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெராக்ஸை வாங்கவில்லை, எட்டி ஒரு பார்வை மட்டும் பார்த்தாள்.

"நங்கையாளுக்கு எப்ப ஆப்பரேசனுங்க?" என்று கேட்டாள். அண்ணன் மனைவியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

பொங்கலுக்குள் என்றார்.

"எங்க வரோணும், எந்தக் கிழமைன்னு அவியகிட்டச் சொல்லிட்டுப் போங்க," என்று நல்லானைக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சம்மதித்தாளா, கோபத்தில் சொன்னாளா? சாமியப்பன் அடுப்படிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பாத்திரம் சாதாரணமாகத்தான் வைக்கப்பட்டது.

தாராபுரத்தில் நோட்டரி வக்கீலின் அறை ஒரு உரக்கடைக்கு மேலே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை. வள்ளியாத்தாள் நல்லானோடு வந்திருந்தாள், நல்ல சேலை உடுத்தியிருந்தாள். சாமியப்பன் தனியாகப் போயிருந்தார். வக்கீலின் குமாஸ்தா பத்திரத்தைத் தமிழில் டைப் அடித்துத் தயாராக வைத்திருந்தான். வக்கீல் படித்துக் காட்டினார். மேற்படி புகைப்படத்தில் காணும் நபர் நானே என்றும், நான் மேற்படி சாமியப்பனின் உடன்பிறந்த தங்கை என்றும், நான் அவரது மனைவி அல்ல என்றும். வள்ளி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"மேற்படி சாமியப்பன் மீது எனக்கு எவ்விதமான உரிமையும் பாத்தியதையும் இல்லையென்றும், இனி எக்காலத்திலும் கோரமாட்டேன் என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

வள்ளி பேனாவை வாங்கினாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இதுல போட முடியாதுங்க," என்றாள்.

வக்கீல் மை வரவில்லையா என்று கேட்டார்.

"மை வருதுங்க. பொண்டாட்டி இல்லீன்னு ஒரு நூறு தடவை எழுதிக்குங்க, போடறேன். உரிமை இல்லீன்னு போட மாட்டனுங்க."

வக்கீல் பொறுமையாக விளக்கினார். இது ரெக்கார்டு ஆபீஸ் கேட்கிற வாசகம். நாளைக்குப் பென்சனில் பங்கு கேட்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக வைப்பது. இங்கே உரிமை என்றால் அந்த உரிமைதான், வேறொன்றும் இல்லை.

"அப்ப அந்த உரிமைன்னு எழுதுங்க," என்றாள் வள்ளி. "அந்தப் படத்துல நான் எதுக்குங்க நிக்கறேன்? பொழுது போகாமயா கூடையத் தலையில வெச்சுட்டு நின்னேன்? எனக்கு உரிமை இருக்குதுன்னு ஊரக் கூட்டிவெச்சுச் சொன்ன எடம் அது. அதக் காட்டியே உரிமை இல்லீன்னு எழுதி வாங்கறீங்க."

கீழே உரமூட்டை இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. நல்லான்கூட வாயைத் திறக்கவில்லை.

சாமியப்பன் தரையைப் பார்த்தார். அவள் சொல்வது சரி என்று தோன்றியது. வக்கீல் சொல்வதும் சரி என்று தோன்றியது. இரண்டும் சரியாக இருந்தால் மருதம்மாள் என்ன ஆவாள் என்ற இடத்தில் வந்து யோசனை நின்றது. கை குவித்துக் கெஞ்சலாமா என்று பார்த்தார். கெஞ்சினால், பெண்ணைக் கொடுக்கிறபோது கேட்காதவர் இப்போது கேட்க வந்திருக்கிறார் என்றுதான் ஆகும். சும்மா இருந்தால் பத்திரம் இல்லை. அவர் வாய் எப்படியோ திறந்தது.

"அம்மிணி, உனக்கு எப்படி எழுதோணுமோ அப்படியே சொல்லு."

வள்ளி அண்ணனை அந்த ஒரு வருடத்தில் முதன்முதலாக நேராகப் பார்த்தாள். பிறகு குமாஸ்தாவிடம் திரும்பிச் சொன்னாள். அவன் அடித்தான். மனைவி என்ற வகையில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. உடன்பிறந்தவள் என்ற வகையில் எனக்கு உள்ள உரிமை எனக்கு உண்டு.

"இது உண்மைன்னு அண்ணனும் கீழ போடோணும்," என்றாள்.

சாமியப்பன் போட்டார். போடும்போது வினிதாவின் முகம் ஞாபகம் வந்தது. எந்த உரிமைக்குக் கையெழுத்துப் போடுகிறோம், போய்விட்டதற்கா, இனிமேல் இருப்பதற்கா என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை. வக்கீல் முத்திரை குத்தினார். வெளிமாநிலத்து ஆபீஸுக்குத் தமிழ் புரியாது, இங்கிலீஷில் மொழிபெயர்ப்பு ஒன்று சேர்க்க வேண்டும், அதை நான் அத்தாட்சி செய்து கொடுத்துவிடுகிறேன், சாயந்திரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வள்ளியும் நல்லானும் அப்போதே பஸ் ஏறிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வினிதாவும் செந்தில்வேலும் வந்தபோது, கவரில் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று சாமியப்பன் மருமகனிடம் கொடுத்தார். செந்தில்வேல் வெளிநாட்டு பையர்களுக்குத் தினமும் இங்கிலீஷில் மெயில் அடிக்கிறவன். முதலில் தமிழ்த் தாளைப் படித்தான். பிறகு இங்கிலீஷ் தாளைப் படித்தான். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடியும் படித்தான், அளவு தப்பாக வந்த பீஸைப் பார்க்கிறவன் மாதிரி.

"மாமா, இது ரெண்டும் ஒண்ணு இல்லீங்க."

தமிழில் வள்ளி சொன்னபடி இருந்தது. இங்கிலீஷில் எவ்விதமான உரிமையும் இல்லை, எக்காலத்திலும் கோரமாட்டேன் என்ற பழைய வாசகமே இருந்தது. வக்கீல் வேண்டுமென்று செய்தாரா, குமாஸ்தா பழைய மாதிரியை எடுத்து அப்படியே அடித்துவிட்டானா? சாமியப்பன் மருமகனின் செல்லில் தாராபுரத்து வக்கீலைக் கூப்பிட்டார். வக்கீல் சலித்துக்கொண்டார். ரெக்கார்டு ஆபீஸில் தமிழ்த் தாளை யாரும் படிக்கப் போவதில்லை, அவர்களுக்கு அவர்கள் வாசகம் வேண்டும், உங்கள் தங்கைக்கு அவர் வாசகம் வேண்டும், இரண்டு பேரும் கேட்டதைக் கொடுத்திருக்கிறேன், அனுப்புகிற வழியைப் பாருங்கள் என்றார்.

வினிதா அனுப்பிவிடச் சொன்னாள். அத்தைக்குத் தெரியவா போகிறது என்றாள். செந்தில்வேல் இரண்டு தாளையும் சேர்த்து மாமனாரிடமே திருப்பிக் கொடுத்தான். அது தன் பேச்சு இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

சாமியப்பன் இரண்டு தாளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றில் அவர் கையெழுத்து இருந்தது. இன்னொன்றில் இல்லை. அதுதான் வேலை செய்யப்போகும் தாள். பத்து வருடத்துக்கு முன்னால் பார்க்காமல் ஒரு கவரைக் கொடுத்தார். இப்போது பார்த்துவிட்டார். பார்த்தபின் கொடுப்பது எப்படி? கொடுக்காமல் இருப்பதுதான் எப்படி? கட்டிலில் மருதம்மாள் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது அவளுக்கு.

"வள்ளிகிட்டச் சொல்லிட்டு அனுப்புங்க," என்றாள்.

"சொன்னா வேண்டாம்பா."

"வேண்டாம்னா வேற பாத்துக்கலாமுங்க. சொல்லாம அனுப்பிப்போட்டு, நாளைக்கு அவ என்னைய வந்து பாத்தா நான் எந்த மூஞ்சியில பேசறதுங்க?"

வேறு என்ன பார்த்துக்கொள்ள முடியும் என்று அவருக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கியிருக்காது. ஆனால் அவள் அதைச் சொன்னபிறகு கவரை ஒட்ட அவர் கைக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை தபால் ஆபீஸுக்குப் பக்கத்தில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மணி வெகுநேரம் அடித்தது. எடுத்தது வள்ளிதான். பின்னால் ஆடு கத்தியது. அவர் பட்டாளத்தில் மேலதிகாரியிடம் சொல்கிறமாதிரி, நின்ற வாக்கில், ஒன்றையும் விடாமல் சொன்னார். தமிழில் இப்படி இருக்கிறது, இங்கிலீஷில் இப்படி இருக்கிறது, அவர்கள் படிக்கப்போவது இங்கிலீஷை.

"அனுப்பட்டுமா, வேண்டாமா? நீ சொல்றதுதான் அம்மிணி."

லைன் போய்விட்டதோ என்று அவர் இரண்டு தடவை ஹலோ சொன்னார்.

"இருக்கறனுங்க," என்றாள் வள்ளி. பிறகு, "எனக்குப் படிக்கத் தெரிஞ்ச தாள்ல நான் போட்டேன். அதுல நீங்களும் போட்டீங்க. மத்தது அவிங்க தாளு. அதுல என்ன எழுதுனா எனக்கென்னங்க?"

"அப்ப அனுப்பட்டுமா?"

"இதக்கூட நாந்தான் சொல்லோணுங்களா? வினிதாவக் குடுக்கறப்ப கேக்காதவிய, இதுக்குப் போனு போட்டுக் கேக்கறீங்க."

போனை வைத்துவிட்டாள்.

சாமியப்பன் ரிசீவரைப் பிடித்தபடி நின்றார். வெளியே ஒரு வடக்கத்திப் பையன் ஊருக்குப் பேசுவதற்காகக் கண்ணாடியைத் தட்டினான். அவர் இறங்கி, தபால் ஆபீஸ் வரிசையில் நின்றார். அவள் சொன்னது அனுப்பு என்றா? திட்டா? திட்டு என்றால் பழையதற்கா, புதியதற்கா? முறை வந்ததும் கவுண்டரில் கவரை வைத்தார். அந்தப் பெண் எடைபோட எடுத்தபோது கவரின் ஓரத்தை ஒரு நொடி விடாமல் பிடித்திருந்தார். அவள் நிமிர்ந்து பார்த்ததும் விட்டுவிட்டார்.

கார்த்திகைக் கடைசியில் ரெக்கார்டு ஆபீஸிலிருந்து பதில் வந்தது. திருத்தம் ஏற்கப்பட்டது, பழைய படம் ரத்து செய்யப்பட்டது, புதிய படம் சேர்க்கப்பட்டது. எந்தத் தாளைப் படித்தார்கள், எதைப் பின்னால் தள்ளினார்கள் என்று அதில் இல்லை. மார்கழியில் அட்டை வந்தது. மருதம்மாள் அதில் பயந்த முகத்தோடு இருந்தாள். தை பிறந்த வாரத்தில் கோவையில் ஆப்பரேசன் நடந்தது. மூன்று நாள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வைத்திருந்துவிட்டு, நாலாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள்.

ஐந்தாம் நாள் வள்ளியாத்தாள் வந்தாள். சாமியப்பன் மருந்து வாங்கிக்கொண்டு மேலே வந்தபோது, அவள் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மருதம்மாளுக்கு ஆரஞ்சுச் சுளையின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டீங்களாண்ணா என்றாள். சாப்பிட்டேன் என்றார். அதை அவள் யாரைப் பார்த்தாலும் கேட்பாள். மோகனுக்குப் பெண் பார்க்கிறதாக மருதம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் வந்ததும் பேச்சை நிறுத்தவில்லை, அவரைச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. பொழுது சாயும்வரை இருந்தாள். மருதம்மாளுக்குத் தலை வாரிவிட்டாள். போகும்போது வர்றனுங்க என்று பொதுவாகச் சொன்னாள்.

அவள் படியிறங்கும் சத்தம் நின்றதும் சாமியப்பன் மனைவியிடம் குனிந்து கேட்டார், அவளுக்கு இன்னும் கோபம் இருக்கிறதா, இல்லையா, ஏதாவது சொன்னாளா, அந்தத் தாளைப் பற்றி ஒரு வார்த்தையாவது.

மருதம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூச்சு சீராக வந்தது.

"வந்தா, இருந்தா, போனா," என்றாள். "அதுக்குமேல என்னங்க எழுதிக் குடுக்கோணும்?"

அவருக்கு அது பதிலாகத் தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, பாதி உரித்திருந்த ஆரஞ்சை எடுத்து, மீதியை உரிக்கத் தொடங்கினார்.